கொள்ளைநோய்க் காலக் கடற்பயணம்: தமிழர் கப்பல்களும் தனிமைத் தீவுகளும்

கொள்ளைநோய் பரவிய காலங்களில் கப்பலில் வாழ்ந்தபடி வெப்ப மண்டலத் தீவுகளை நோக்கிச் சென்ற தமிழரின் பயணங்கள், தமிழர் புலம்பெயர்வு வரலாற்றில் தனியாகப் பார்க்கத்தக்க ஒரு பகுதி. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி முதல் மொரிசியஸ், ரீயூனியன், இலங்கை, மலாயா, சிங்கப்பூர், பிஜி ஆகிய இடங்களுக்குச் சென்ற தொழிலாளர்களும் வணிகர்களும் காலரா, பெரியம்மை, பிளேக் ஆகிய நோய்களின் அச்சத்துக்கு நடுவில்தான் கடலைக் கடந்தனர். கரையில் இறங்கும் முன் பலர் நாள்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில், தனித் தீவுகளில் நிறுத்தி வைக்கப்பட்டனர். 2020ஆம் ஆண்டு கொரோனா பரவியபோது அதே கடலில் அதே கேள்விகள் மீண்டும் எழுந்தன. கப்பலில் இருப்பவரைக் கரை ஏற்பதா, தடுப்பதா? தடுத்தால் அதற்கான விலையைக் கொடுப்பவர் யார்?

தனிமைப்படுத்தலின் தோற்றம்

கடல்வழி வருவோரைத் தனித்து வைக்கும் முறை ஐரோப்பாவின் பிளேக் காலத்தில் உருவானது. ஏட்ரியாட்டிக் கடற்கரையில் உள்ள ரகுசா நகரம் (இன்றைய டுப்ரோவ்னிக்) 1377இல், நோய் கண்ட ஊர்களிலிருந்து வருவோர் 30 நாள் வெளியே தங்கிய பிறகே நகருக்குள் வரலாம் என விதித்தது. வெனிஸ் நகரம் 1423இல் இதற்கென்றே ஒரு தீவில் மருத்துவமனையை அமைத்தது. பின்னர் 30 நாள் 40 நாளாயிற்று. இத்தாலிய மொழியில் நாற்பதைக் குறிக்கும் 'குவாரண்டா' என்ற சொல்லிலிருந்தே 'குவாரண்டைன்' என்ற சொல் வந்தது.

தீவைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் எளியது. நான்கு பக்கமும் கடல் இருப்பதால் காவல் குறைவாகத் தேவைப்படும். தப்பிச் செல்வது கடினம். நோயாளிகள் இறந்தால் புதைப்பதற்கு இடம் உண்டு. நகர மக்களின் கண்ணில் எதுவும் படாது.

நோய்க்கப்பலுக்கு அடையாளமாக மஞ்சள் கொடி ஏற்றும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது. இன்றைய சர்வதேசக் கொடி முறையில் அதன் பொருள் தலைகீழாக மாறிவிட்டது. வெளிநாட்டுத் துறைமுகத்தை அடையும் கப்பலோ சிறு பாய்மரப் படகோ மஞ்சள் கொடி ஏற்றினால், 'எங்கள் கப்பலில் நோய் இல்லை, உள்ளே வர அனுமதி வேண்டும்' என்று பொருள்.

பாய்மரக் கப்பல்களின் காலம்

பிரித்தானியப் பேரரசில் அடிமைமுறை 1830களில் ஒழிக்கப்பட்டபின், கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேடிய முதலாளிகள் இந்தியாவை நோக்கித் திரும்பினர். ஒப்பந்தக் கூலி முறையில் சென்னை, நாகப்பட்டினம், புதுச்சேரி, காரைக்கால் ஆகிய துறைமுகங்களிலிருந்து தமிழர்கள் கப்பலேறினர். பாய்மரக் கப்பல்களில் மொரிசியஸ் செல்ல வாரக்கணக்கிலும், தொலைதூரத் தீவுகளுக்குச் செல்ல மாதக்கணக்கிலும் ஆயின. அத்தனை நாளும் கப்பல்தான் வீடு. அடித்தளத்தில் நெருக்கியடித்துப் படுக்கை, அளந்து தரும் அரிசி, பீப்பாயில் தேக்கிய தண்ணீர் என்பதே வாழ்க்கை. காலரா போன்ற தண்ணீர்வழி நோய் ஒருவருக்கு வந்தால் கப்பல் முழுவதும் பரவ அதிக நேரம் தேவைப்படவில்லை.

ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிய கப்பல்களில் மருத்துவர் ஒருவர் இருக்க வேண்டும் என்பது விதி. பல தடங்களில் அவருக்கான ஊதியம், உயிருடன் கரையிறங்கும் ஒவ்வொரு ஆளுக்கும் இவ்வளவு எனக் கணக்கிடப்பட்டது. மனித உயிரைப் பேண நிர்வாகம் கண்ட வழி இது. ஆளைச் சரக்காக எண்ணிய மனப்போக்கும் இந்தக் கணக்கில் தெரிகிறது.

மொரிசியஸ்: கேப்ரியல் தீவு, 1856

மொரிசியஸ் 1854இல் கடுமையான காலராவைக் கண்டிருந்தது. அந்த அச்சம் தணியாத நிலையில், 1856 ஜனவரியில் கல்கத்தாவிலிருந்து ஹைதரி, ஃபத்தே முபாரக் என்ற இரு கப்பல்கள் காலராவோடு வந்தன. பயணிகள் தலைநகரான போர்ட் லூயிக்குள் விடப்படவில்லை. வடக்கே உள்ள சிறிய கேப்ரியல் தீவில் இறக்கப்பட்டனர். அங்கு போதிய கூரையோ மருத்துவமோ நல்ல தண்ணீரோ இல்லை. நூற்றுக்கணக்கானோர் அத்தீவிலேயே மாண்டனர்.

இக்கப்பல்களில் வந்தவர்கள் வட இந்தியப் பகுதிகளிலிருந்து திரட்டப்பட்டவர்கள். ஆயினும் இந்த நிகழ்வு சென்னையிலிருந்து சென்றவர்களையும் பாதித்தது. செய்தி அறிந்த இந்திய அரசு அதே ஆண்டில் மொரிசியஸுக்கு ஆள் அனுப்புவதைச் சில காலம் நிறுத்தி வைத்தது. தனிமைத் தீவுகளில் தங்குமிடமும் மருத்துவமும் இருக்க வேண்டும் என்ற வற்புறுத்தல் இதன்பின் வலுப்பெற்றது.

ரீயூனியன்: கிராந்த் ஷலூப்

பிரெஞ்சு ஆட்சியில் இருந்த ரீயூனியன் தீவுக்குப் புதுச்சேரி, காரைக்கால் வழியாகத் தமிழர்கள் பெருமளவில் சென்றனர். இவர்களைத் தனித்து வைப்பதற்கு, தலைநகர் சாந்தெனிக்கும் லா பொசெசியோன் என்ற ஊருக்கும் இடையில், மலையும் கடலும் சூழ்ந்த கிராந்த் ஷலூப் பள்ளத்தாக்கில் 1860களில் இரண்டு தனிமை நிலையங்கள் கட்டப்பட்டன. புதிதாக வந்தவர்கள் இங்கு தங்கிய பிறகே தோட்டங்களுக்குப் பிரித்து அனுப்பப்பட்டனர். ரீயூனியனில் இன்று 'மலபார்' என அழைக்கப்படும் தமிழ் வம்சாவளியினர் பலரின் முன்னோர் தீவில் முதன்முதலாக இரவு தங்கியது இக்கட்டடங்களில்தான்.

பிஜி: 'லியோனிடாஸ்' கப்பலும் அதற்கு முந்தைய அழிவும்

பிஜித் தீவுகளின் வரலாறு தனிமைப்படுத்தலின் இரு பக்கங்களையும் தெளிவாகக் காட்டுகிறது. 1875இல் பிஜித் தலைவர் ககோபாவ் சிட்னி சென்று திரும்பிய பிரித்தானியப் போர்க்கப்பலில் தட்டம்மை வந்து சேர்ந்தது. கப்பல் தனித்து நிறுத்தப்படவில்லை. அதற்குமுன் அந்நோயைக் கண்டறியாத பிஜி மக்களில் ஏறத்தாழ 40 ஆயிரம் பேர் சில மாதங்களில் இறந்தனர். நான்கில் ஒருவர் அல்லது அதற்கும் மேற்பட்டோர் இறந்ததாக மதிப்பிடப்படுகிறது.

நான்கு ஆண்டுகள் கழித்து, 1879 மே 14 அன்று, இந்திய ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிய முதல் கப்பலான லியோனிடாஸ் பிஜியின் லெவுகாவை அடைந்தது. வழியில் காலராவும் பெரியம்மையும் கப்பலில் பரவியிருந்தன. இம்முறை அரசு அவர்களை லெவுகாவில் இறக்கவில்லை. அருகிலிருந்த யனுசா லைலை என்ற சிறு தீவில் தனித்து வைத்தது. பெரியம்மை பிஜி மக்களிடையே பரவவில்லை. தட்டம்மையால் ஏற்பட்ட பேரழிவை நினைத்துப் பார்த்தால் இது பெரிய செயல். ஆனால் அந்தப் பாதுகாப்புக்கான துன்பத்தை ஏற்றவர்கள், எங்கே வந்திருக்கிறோம் என்பதையே சரியாக அறியாத கூலிகள்.

தென்னிந்தியர்கள் 1903 முதல் சென்னைத் துறைமுகத்திலிருந்து பிஜிக்குச் சென்றனர். 1916 வரை 60 ஆயிரத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் பிஜி சென்றதில் ஏறத்தாழ 15 ஆயிரம் பேர் சென்னை வழியாகச் சென்றவர்கள். சுவா துறைமுகத்துக்கு வெளியே உள்ள நுகுலாவ் தீவின் முகாமில் பலர் முதலில் இறக்கப்பட்டனர்.

இலங்கை: தட்டப்பாறையும் மண்டபமும்

மிகக் குறுகிய கடற்பயணம் இலங்கைக்கானது. ஆனால் எண்ணிக்கையில் மிகப் பெரிய புலம்பெயர்வும் இதுவே. காப்பித் தோட்டக் காலத்தில் தொழிலாளர்கள் தோணிகளில் மன்னார்ப் பகுதிக்குச் சென்று, அங்கிருந்து காட்டு வழியாக மலைநாட்டுக்கு நடந்தனர். பசியாலும் காலராவாலும் வழியிலேயே பலர் மாண்டனர். அவர்களோடு நோயும் வந்து சேரும் என இலங்கை நிர்வாகம் அஞ்சியது.

1896இல் பம்பாயில் பிளேக் தோன்றியபின் இந்த அச்சம் பன்மடங்காயிற்று. இந்தியாவில் 1897ஆம் ஆண்டின் தொற்றுநோய்ச் சட்டம் பிறந்தது. இலங்கை அரசு, தன் கரையில் நோயைத் தடுப்பதைவிடத் தமிழகக் கரையிலேயே தடுப்பது மேல் எனக் கருதியது. முதலில் தூத்துக்குடிக்கு அருகே தட்டப்பாறையிலும், பின்னர் மண்டபத்திலும் தனிமை முகாம்கள் இயங்கின. 1914 பிப்ரவரியில் பாம்பன் ரயில் பாலம் திறக்கப்பட்டு, மார்ச் மாதம் தனுஷ்கோடி–தலைமன்னார் கப்பல் போக்குவரத்து தொடங்கியபின், தேயிலைத் தோட்டங்களுக்குச் செல்லும் தொழிலாளரின் வாயிலாக மண்டபம் ஆனது.

முகாமில் தொழிலாளர்களுக்கு மருத்துவப் பரிசோதனை நடந்தது. துணிகளும் மூட்டைகளும் ஆவியில் கிருமி நீக்கம் செய்யப்பட்டன. அம்மை குத்தப்பட்டது. சில நாள் தங்கவைத்து, காய்ச்சல் இல்லை என்று உறுதியான பிறகே ரயிலேற்றினர். தோட்டத் தொழிலாளர் அல்லாத வசதியுள்ள பயணிகளுக்கு இவ்வளவு கெடுபிடி இல்லை. ஊர் சென்றபின் மருத்துவ அலுவலரிடம் தங்கள் நலத்தைத் தெரிவித்தால் போதும் என்ற ஏற்பாடு அவர்களுக்கு இருந்தது.

இத்தனை ஏற்பாட்டுக்குப் பிறகும் 1914இல் கொழும்பில் பிளேக் தோன்றியது. அது கூலிகளின் மூட்டையில் வந்ததல்ல, துறைமுகத்தில் இறங்கிய தானியச் சரக்கோடு எலிகள், தெள்ளுப்பூச்சிகள் வழியாக வந்தது என ஆய்வாளர்கள் கருதினர். கொழும்பு நகராட்சியின் நுண்ணுயிரியலாளர் எல். எஃப். ஹர்ஸ்ட், சென்னையிலும் கொழும்பிலும் எலிகளின் மேல் மிகுதியாகக் காணப்படும் தெள்ளுவகை, பம்பாயில் மிகுந்திருக்கும் வகையைவிடப் பிளேக்கைப் பரப்பும் ஆற்றல் குறைந்தது என்று எடுத்துக்காட்டினார். இவ்விரு நகரங்களிலும் பிளேக் பம்பாய் அளவுக்கு வேரூன்றாததற்கு இது ஒரு விளக்கமாயிற்று. மனிதரைத் தடுத்த வேலி எலியைத் தடுக்கவில்லை என்பது இந்நிகழ்வு தரும் பாடம்.

மலாயாவும் சிங்கப்பூரும்: டெக் பயணிகள்

சிங்கப்பூரில் 1873இல் காலரா பரவியதைத் தொடர்ந்து, 1874இல் நகருக்குத் தெற்கே உள்ள செயின்ட் ஜான்ஸ் தீவில் தனிமை நிலையம் திறக்கப்பட்டது. சீனத்திலிருந்தும் தமிழகத்திலிருந்தும் வந்த கப்பல் பயணிகளை நிறுத்தி வைக்கும் இடமாக அது வளர்ந்தது. 1930களில் உலகின் பெரிய தனிமை நிலையங்களில் ஒன்றாகக் கருதப்பட்டது. பினாங்குத் துறைமுகத்துக்கு அருகே ஜெரெஜாக் தீவு இதே பணியைச் செய்தது. அங்கு ஏற்கெனவே தொழுநோயாளர் குடியிருப்பு ஒன்றும் இருந்தது.

மலாயா செல்லும் தொழிலாளர்கள் கப்பலேறும் முன்பே ஆவடியிலும் நாகப்பட்டினத்திலும் இருந்த முகாம்களில் தங்கவைக்கப்பட்டனர். அங்கு அம்மை குத்தப்பட்டது. இதற்கான அம்மைப் பாலைத் தயாரிப்பதற்காகவே கிண்டியில் 1899இல் கிங் நிறுவனம் தொடங்கப்பட்டது. சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையராக இருந்த டபிள்யூ. ஜி. கிங் என்பவரின் பெயரே அதற்கு வைக்கப்பட்டது.

சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் ஸ்வெட்டன்ஹாம் (இன்றைய கிள்ளான் துறைமுகம்), சிங்கப்பூர் என்ற தடத்தில் பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் கம்பெனியின் கப்பல்கள் ஓடின. அவற்றுள் தமிழர் நினைவில் நீங்காத இடம் பெற்றது ரஜூலா. 1926இல் ஸ்காட்லாந்தில் கட்டப்பட்ட இக்கப்பல், தொடக்கத்தில் 5 ஆயிரத்துக்கும் மேற்பட்ட டெக் பயணிகளை ஏற்ற உரிமம் பெற்றிருந்தது. டெக் பயணி என்பவர் அறை இல்லாதவர். தளத்தில் பாய் விரித்து, தகரப்பெட்டியைத் தலைமாட்டில் வைத்து, ஏறத்தாழ ஒரு வாரம் அங்கேயே உண்டு உறங்கிப் பயணம் செய்தார். ஒரே ஊர்க்காரர்கள் அருகருகே இடம் பிடித்தனர். குடும்பங்கள் புடவையைத் திரையாகக் கட்டின. ஒரு கிராமத்தின் மக்கள்தொகையைவிடப் பெரிய கூட்டம் ஒரு கப்பலில் வாழ்ந்தது.

இந்நெருக்கத்தில் ஒருவருக்கு அம்மை கண்டாலும் கப்பல் முழுவதும் சந்தேகத்துக்கு உள்ளானது. துறைமுக மருத்துவர் கப்பலேறிச் சோதித்தபின், டெக் பயணிகள் படகுகளில் தனிமைத் தீவுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். அங்கு குளியல், கிருமி நீக்கம், அம்மை குத்துதல், சில நாள் காத்திருப்பு. அறைவகுப்புப் பயணிகள் பெரும்பாலும் நேரே நகருக்குள் சென்றனர். நோய்க்கு வகுப்பு வேறுபாடு இல்லை. ஆனால் தனிமைப்படுத்தலுக்கு இருந்தது. அறைவகுப்பினர் நெருக்கமின்றி வந்ததால் அபாயம் குறைவு என்று நிர்வாகம் கூறியது. அந்த நெருக்கத்தை உண்டாக்கியதும் அதே நிர்வாகம் அனுமதித்த கப்பல் ஏற்பாடுதான்.

1938இல் இந்திய அரசு மலாயாவுக்கு உதவிப் பயணமாகத் தொழிலாளர்களை அனுப்புவதை நிறுத்தியது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் வணிகரும் குடும்பங்களும் ரஜூலாவில் தொடர்ந்து பயணம் செய்தனர். அம்மை குத்திய சான்றிதழ் கடவுச்சீட்டுக்கு நிகராகப் பாதுகாக்கப்பட்டது. ரஜூலா 1973இல் இந்தியக் கப்பல் கழகத்துக்கு விற்கப்பட்டு 'ரங்கத்' எனப் பெயர் மாறி, அடுத்த ஆண்டே உடைக்கப்பட்டது. அதன்பின் இத்தடத்தில் ஓடிய 'சிதம்பரம்' கப்பலும் 1985இல் நேர்ந்த தீ விபத்தோடு ஓய்ந்தது.

1918: ஒரு கப்பல், இரண்டு சமோவாக்கள்

முதல் உலகப் போரின் இறுதியில் பரவிய இன்புளூயன்சா காய்ச்சல் இந்தியாவுக்கும் கடல்வழியே வந்தது. 1918 ஜூனில் பம்பாயில் முதலில் அறியப்பட்டு, ரயில் பாதைகள் வழியே நாடெங்கும் பரவியது. இந்தியாவில் 1.2 கோடி முதல் 2 கோடி வரை இறந்திருக்கலாம் என மதிப்பீடுகள் கூறுகின்றன. உலகில் வேறெந்த நாட்டிலும் இவ்வளவு இறப்பு இல்லை.

தீவுகளில் இந்நோய் நடந்துகொண்ட விதத்தைப் பசிபிக் கடலில் காணலாம். நியூசிலாந்தின் ஆக்லாந்திலிருந்து புறப்பட்ட தலூன் என்ற கப்பல், பிஜியின் சுவா வழியாக 1918 நவம்பர் 7 அன்று மேற்குச் சமோவாவின் அப்பியாவை அடைந்தது. கப்பலில் காய்ச்சல்காரர்கள் இருந்தும் பயணிகள் இறங்க அனுமதிக்கப்பட்டனர். சில வாரங்களில் ஏறத்தாழ 8,500 பேர், அதாவது ஐந்தில் ஒருவருக்கு மேல், இறந்தனர். பிஜியில் இறந்தோர் ஏறத்தாழ 9 ஆயிரம். அங்கிருந்த தமிழ்க் கூலிக் குடும்பங்களும் இந்நோய்க்குத் தப்பவில்லை.

மேற்குச் சமோவாவுக்கு அருகிலேயே இருக்கும் அமெரிக்க சமோவாவில் ஆளுநர் ஜான் மார்ட்டின் போயர் கப்பல்களைத் தடுத்துத் தனிமை விதியைக் கடுமையாக நடத்தினார். உள்ளூர் மக்களும் படகுகளில் கரைக்காவல் செய்தனர். அங்கு இந்நோயால் ஒருவரும் இறக்கவில்லை. மேற்குச் சமோவாவில் நேர்ந்த தவறுக்காக நியூசிலாந்துப் பிரதமர் ஹெலன் கிளார்க் 2002இல் மன்னிப்புக் கோரினார்.

2020: மீண்டும் கடலில் காத்திருப்பு

விமானப் போக்குவரத்து வளர்ந்தபின் கப்பல் தனிமைப்படுத்தல் பழைய கதையாகக் கருதப்பட்டது. 2020 பிப்ரவரியில் ஜப்பானின் யோகோஹாமாவில் நிறுத்தப்பட்ட டைமண்ட் பிரின்சஸ் உல்லாசக் கப்பல் அந்த எண்ணத்தை மாற்றியது. அதில் இருந்த 3,711 பேரில் 712 பேருக்குக் கொரோனா தொற்று உறுதியானது. கப்பலில் 138 இந்தியர்கள் இருந்தனர். அவர்களில் 132 பேர் பணியாளர்கள். பயணிகள் அறைக்குள் அடைக்கப்பட்டிருந்தபோது, பணியாளர்கள் சமைத்து உணவு கொண்டுபோய்க் கொடுத்து, பொது அறைகளில் உறங்கினர். டெக் பயணிக்கும் அறைப் பயணிக்கும் இருந்த பழைய வேறுபாடு வேறு வடிவில் திரும்பியது. பிப்ரவரி 27 அன்று 119 இந்தியர்கள் விமானத்தில் அழைத்துவரப்பட்டனர்.

மார்ச் மாதத்தில் உலகத் துறைமுகங்கள் ஒவ்வொன்றாக மூடின. சிறு பாய்மரப் படகுகளையே வீடாகக் கொண்டு தீவு தீவாகச் சுற்றிவந்த பல நாட்டவர், அடுத்த தீவு ஏற்குமா என்று அறியாமல் நடுக்கடலில் தவித்தனர். பிரெஞ்சு பாலினேசியா படகுகளின் நடமாட்டத்தை நிறுத்தியது. பிஜி அரசு சில மாதங்களில் 'நீல வழி' என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. அதன்படி கடலில் கழித்த நாள்களும் 14 நாள் தனிமைக் கணக்கில் சேர்க்கப்பட்டன. நெடுநாள் கடலில் இருந்து நோயின்றி வருபவரிடம் அபாயம் குறைவு என்ற பழைய அனுபவ அறிவே இதன் அடிப்படை. ஆனால் இந்த வசதி பொழுதுபோக்குப் படகுகளுக்கு. சரக்குக் கப்பல் மாலுமிகளின் நிலை வேறு. ஒப்பந்தக் காலம் முடிந்தும் கரையிறங்க முடியாமல் உலகெங்கும் ஏறத்தாழ 4 லட்சம் மாலுமிகள் 2020இன் பிற்பகுதியில் கப்பல்களில் சிக்கியிருந்தனர் என மதிப்பிடப்பட்டது.

தமிழக மீனவர்களும் இத்துன்பத்துக்கு உள்ளாயினர். கன்னியாகுமரி, ராமநாதபுரம் முதலிய மாவட்டங்களைச் சேர்ந்தவர்கள் ஈரானின் தென்கரையிலும் கிஷ் போன்ற தீவுகளிலும் கூலிக்கு மீன் பிடிக்கச் சென்றிருந்தனர். தொழில் நின்றதும் அவர்கள் கட்டி நிறுத்திய படகுகளிலேயே மாதக்கணக்கில் வாழ்ந்தனர். உணவுக்கும் குடிநீருக்கும் படகு முதலாளிகளையும் தூதரகத்தையும் எதிர்பார்த்திருந்தனர்.

சமுத்திர சேது

இந்தியக் கடற்படை 2020 மே 5 அன்று 'சமுத்திர சேது' நடவடிக்கையைத் தொடங்கியது. ஜலாஷ்வா, ஐராவத், ஷார்துல், மகர் ஆகிய கப்பல்கள் மாலத்தீவு, இலங்கை, ஈரான் ஆகிய நாடுகளிலிருந்து மொத்தம் 3,992 இந்தியர்களை அழைத்துவந்தன. இதில் தூத்துக்குடி முக்கிய இடம் பெற்றது.

ஜூன் 2 அன்று கொழும்பிலிருந்து ஏறத்தாழ 685 பேர் ஜலாஷ்வாவில் வந்திறங்கினர். ஜூன் 7 அன்று மாலத்தீவின் மாலேயிலிருந்து 700 பேர் வந்தனர். ஜூன் 23 அன்று ஐராவத் கப்பலில் மாலேயிலிருந்து 198 பேர் வந்தனர். ஜூலை 1 அன்று ஈரானின் பந்தர் அப்பாஸிலிருந்து 687 பேர் வந்தனர். அவர்களில் பெரும்பாலோர் மீனவர்கள். அழைத்துவரப்பட்ட அனைவரிலும் பாதிக்கு மேற்பட்டோர் தூத்துக்குடி வழியாகவே கரையேறினர் என்பது இக்கணக்கில் தெரிகிறது.

பழைய கூலிக் கப்பல்களோடு இதை ஒப்பிடுவது பயனுள்ளது. ஜலாஷ்வா படைவீரர்களையும் வாகனங்களையும் ஏற்றும் பெரிய கப்பல். பயணிகள் பகுதியும் மாலுமிகள் பகுதியும் பிரிக்கப்பட்டன. ஏறும் முன் மருத்துவச் சோதனையும், இறங்கியபின் சோதனையும் தனிமை முகாமும் இருந்தன. முறை பழையதுதான். ஆனால் வந்தவர்கள் நாட்டின் குடிமக்களாக அழைத்துவரப்பட்டனர். ஒரு நூற்றாண்டுக்கு முன் தட்டப்பாறை முகாமில் காத்திருந்து கொழும்புக்குப் போனவர்களுக்கு அப்படி ஒரு தகுதி இருந்ததில்லை.

லட்சத்தீவும் அந்தமானும்

கொரோனா காலத்தில் லட்சத்தீவு 1918இன் அமெரிக்க சமோவாவை நினைவூட்டியது. ஏறத்தாழ 64 ஆயிரம் மக்கள் வாழும் இத்தீவுகளுக்குச் செல்வோர் கொச்சியிலேயே தனிமையில் இருந்து, சோதனை முடித்துத்தான் கப்பலேற முடிந்தது. 2020 முழுவதும் அங்கு ஒருவருக்கும் தொற்று இல்லை. ஆண்டின் இறுதியில் கொச்சித் தனிமை நீக்கப்பட்டு, நோயில்லை என்ற சான்று மட்டும் போதும் என விதி தளர்ந்தது. 2021 ஜனவரி 18 அன்று முதல் தொற்று பதிவானது. அடுத்த சில மாதங்களில் ஆயிரக்கணக்கானோர் பாதிக்கப்பட்டனர்.

சென்னையிலிருந்து கப்பலில் ஏறத்தாழ மூன்று நாள் தொலைவில் உள்ள அந்தமானில் நோய் முன்பே புகுந்துவிட்டது. அங்கு கவலை பழங்குடியினரைப் பற்றியது. 1877இல் பரவிய தட்டம்மை பெரிய அந்தமானியர் இனத்தின் பெரும்பகுதியை அழித்திருந்தது. 2020 ஆகஸ்டில் அவ்வினத்தில் எஞ்சிய சிலருக்குக் கொரோனா தொற்றியபோது அச்சம் எழுந்தது. வெளியார் நெருங்காத வடக்கு சென்டினல் தீவு மக்களுக்கு, விலகியிருப்பதே பாதுகாப்பு என்பதை இந்நிகழ்வு மீண்டும் உணர்த்தியது.

மதிப்பீடு

மேற்கண்ட நிகழ்வுகளில் இரண்டு செய்திகள் திரும்பத் திரும்ப வருகின்றன. முதலாவது, தீவுகளில் தனிமைப்படுத்தல் பயனளித்தது. 1875இன் பிஜியையும் 1879இன் பிஜியையும், மேற்குச் சமோவாவையும் அமெரிக்க சமோவாவையும், 2020இன் லட்சத்தீவையும் 2021இன் லட்சத்தீவையும் ஒப்பிட்டால் இது விளங்கும். இரண்டாவது, அதன் சுமை எல்லோர் மேலும் சமமாக விழவில்லை. ஏழைக் கூலி, டெக் பயணி, கப்பல் பணியாளர், மீனவர் ஆகியோரே பெரும்பாலும் காத்திருந்தனர். கேப்ரியல் தீவில் மக்களைக் கொன்றது காலரா மட்டுமல்ல. தண்ணீரும் கூரையும் இல்லாத இடத்தில் அவர்களைக் கைவிட்டதும் ஒரு காரணம். தனித்து வைப்பது வேறு, கைவிடுவது வேறு. இவ்விரண்டுக்கும் இடையிலான வேறுபாட்டை நிர்வாகங்கள் கற்றுக்கொள்ள நெடுங்காலம் ஆயிற்று.

இன்றைய நிலை

போர்ட் லூயியில் ஒப்பந்தக் கூலிகள் இறங்கிய அப்பிரவாசி காட், 2006இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியக் களமாக அறிவிக்கப்பட்டது. ரீயூனியனின் கிராந்த் ஷலூப் தனிமை நிலையம் சீரமைக்கப்பட்டு, புலம்பெயர்ந்தோர் வரலாற்றைக் கூறும் இடமாக உள்ளது. சிங்கப்பூரின் செயின்ட் ஜான்ஸ் தீவு இன்று விடுமுறை நாளில் மக்கள் படகேறிச் செல்லும் உலாத்தலம். ஜெரெஜாக் தீவு சிறைச்சாலையாகவும் இருந்து பின்னர் சுற்றுலா இடமாக மாறியது. தனுஷ்கோடி 1964 டிசம்பர் புயலில் அழிந்தது. தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்குச் சென்ற கப்பலும் அதோடு நின்றது. மண்டபம் முகாம், இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய மலையகத் தமிழருக்கும், 1980களுக்குப் பின் போரிலிருந்து தப்பிப் படகில் வந்த ஈழத்தமிழ் அகதிகளுக்கும் தங்குமிடம் ஆயிற்று. கடல்வழி வருவோர் காத்திருக்கும் இடமாக அது இன்றும் தொடர்கிறது.